கோசலா ரீச்சர் பாடாத ஒபெரா

ஹோலுக்குள் போன் அடித்தது.

அறைக்குள் ஆர்மோனியத்தின் முன்னால் இருந்த கோசலாவின் விரல்கள் கட்டையிலேயே நின்றுவிட்டன. கடைசிக் காட்சியின் கடைசி அடி. பாடுவதற்கு மூச்சை உள்ளே இழுத்தவள், அதை வெளியே விடவும் மறந்து இருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது.

“ஒருத்தரும் எடுக்கப்படாது!” தகப்பனார் தியாகலிங்கத்தின் குரல்.

“ஆர் எடுக்கிறன் எண்டது? அது அடிக்க அடிக்க எனக்கு நெஞ்சு இடிக்குது. உதை நிப்பாட்டி வைக்கத் தெரியாதோ உங்களுக்கு?” தாய் சறோஜினிதேவி கேட்டாள்.

“நிப்பாட்டப் போய் கை மாறி அமத்துப்பட்டு, அங்காலை இருந்து கதைச்சுப்போட்டினம் எண்டால்? நீர் பேசாமல் இரும்.”

போன் ஓய்ந்தது. கோசலா மூச்சை விட்டாள். இன்றைக்குப் பின்னேரம்வரை தாங்கினால் போதும். பிள்ளையாரே, பின்னேரம்வரை.

நாரந்தனையில் அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து இதுதான் பாடு. ஜேர்மனியில் பரராசசிங்கம் என்று ஒருவர். தியாகலிங்கத்தாருக்குச் சொந்தச் சித்தப்பாவின் மகன், கோசலாவுக்குப் பெரியப்பா முறை. கோசலா அவரைக் கண்ணால் கண்டதில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே கப்பலேறியவர். ஹோல் சுவரில் பனிக்குல்லாவோடு சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு படம், வருஷப் பிறப்புக்கு ஒரு போன், அவ்வளவுதான் உறவு. அந்த மனிதருக்குக் கடுமை, மூச்சுக்கு மெஷின் பூட்டியிருக்கிறார்கள் என்று முந்தநாள் செய்தி வந்தது. இன்று விடியற்காலையில் இருந்து அந்த நாட்டு நம்பர் விடாமல் அடிக்கிறது. என்ன செய்தியாக இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

தகப்பன் வழியில் ஒருவர் கண்ணை மூடினால், அவர் பூமியின் எந்த மூலையில் மூடினாலும், ஊரிலிருக்கும் அந்த வழிக்காரர் எல்லோருக்கும் ஒரு மாதத் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் வாசலை மிதிக்க முடியாது, வெளிவீதிக்குக்கூடப் போவதில்லை. ஆனால் இழவு காதில் விழுந்த பிறகுதான் துடக்கு என்றும் ஒரு வழக்கம் உண்டு. கேள்விப்படாதவனுக்குத் துடக்கில்லை. முழுகத் தேவையில்லை, பிராயச்சித்தம் செய்யத் தேவையில்லை, கோயிலுக்கும் போகலாம்.

அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் தியாகலிங்கத்தார் நேற்றுத் திட்டம் போட்டார்.

“கேள்விப்பட்டால்தானே துடக்கு? நாங்கள் நாளையிண்டைக்கு விடியக் கேள்விப்படுவம். அதுவரைக்கும் அவர் எங்களுக்கு உயிரோடை இருப்பார்.”

“கடவுளை ஏமாத்திற கதை கதையாதேங்கோ,” என்றாள் சறோஜினிதேவி.

“நான் ஏன் ஏமாத்திறன்? எனக்குத் தெரியாது எண்டுறது உண்மைதானே. உமக்குத் தெரியுமோ? உமக்கும் தெரியாது. பிறகென்ன?”

இவ்வளவும் எதற்காக? இன்று மாலை கோயில் கலையரங்கில் கோசலா பாட வேண்டும் என்பதற்காக.

கோசலாவின் கதையைச் சொன்னால் ஊரில் யாரும் பெரிதாக அதிசயப்பட மாட்டார்கள். அவளைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போரில் தீவுப்பகுதி முழுவதும் வீடு வாசலை விட்டுக் கிளம்பிய வருஷம் அவள் பாவாடை சட்டைப் பிள்ளை. பிறகு யாழ்ப்பாணம், பிறகு வன்னி, திரும்பவும் யாழ்ப்பாணம். போன இடமெல்லாம் பாட்டை மட்டும் விடவில்லை. சங்கீதம் படித்து ரீச்சரானாள். ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையில்லை. கூரை போட்டபோது கலியாண வயது தாண்டியிருந்தது. மூன்று இடத்தில் பேசினார்கள். ஒன்று சாதகம் பொருந்தவில்லை, ஒன்று சீதனம் பொருந்தவில்லை, மூன்றாவது எல்லாம் பொருந்தி மாப்பிள்ளைக்கு மனம் பொருந்தவில்லை. தங்கை றஞ்சனி முந்திக்கொண்டு பக்கத்து ஊரான சரவணைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கோசலா பாடசாலை, வீடு, கோயிலில் தேவாரம் என்று நின்றுவிட்டாள். வயது நாற்பத்தேழு.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். கலியாணம் முடித்த பெண் புருஷன் வழிக்குப் போய்விடுகிறாள். பிறந்த வீட்டு வழியின் ஒரு மாதத் துடக்கு அவளுக்குக் கிடையாது. றஞ்சனிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. கழுத்தில் ஒன்றும் ஏறாத குற்றத்துக்காகக் கோசலா இன்னமும் தகப்பன் வழியில் நிற்கிறாள். முகம் தெரியாத ஒருவரின் மூச்சு அவளுடைய கழுத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது.

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் காதல் படத்தை அவள் முதலில் பார்த்தது வன்னியில். பக்கத்து வளவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனரேற்றர் ஓட்டிப் படம் போட்டார்கள். தோணிக்காரன் ஒருவனுக்கும் தபால் கந்தோர்ப் பெண் ஒருத்திக்கும் காதல். அக்கரையிலிருந்து அவன் அடித்த தந்தியை அவளுடைய மாமன் ஒளித்துவிடுகிறான். அவள் துறைமுகத்தில் காத்து நிற்கிறாள். உண்மை தெரிய வரும்போது அவன் கடலோடு போய்விட்டான். அவளும் கடலுக்குள் இறங்கி நடக்கிறாள். வீட்டையும் காணியையும் இழந்து, பிள்ளையையும் பறிகொடுத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த சனங்கள், அன்றைக்கு அந்தத் தோணிக்காரனுக்காக வாய்விட்டு அழுதார்கள். கோசலா படத்தை விட்டுவிட்டு அவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் நிருபன் வந்தான். அவளிடம் முதல் வகுப்பில் சரளிவரிசை படித்த பெடியன். இப்போது நோர்வேயில் மேடை வேலை. போனில் ஒரு ஒபெராவைப் போட்டுக் காட்டினான்.

“பாருங்கோ ரீச்சர், ஒரு சொல்லும் பேச்சில்லை. எல்லாம் பாட்டு.”

“தண்ணி கேக்கிறதும்?”

“அதுவும் பாட்டுத்தான்.”

“தண்ணி குடுக்கிறவளும் பாடித்தான் குடுப்பாளோ? அதுக்குள்ளை இவனுக்கு விக்கல் வந்திடுமே!” என்று கோசலா சிரித்தாள். சிரித்தாளே தவிர அன்று முழுவதும் அது மண்டைக்குள் சுற்றியது. அந்தப் படத்தை இப்படிச் செய்தால் என்ன?

செய்தாள். இன்றைய கதையாக மாற்றினாள். தோணிக்காரன், நெடுந்தீவுக்கு ஓடும் படகில் இயந்திரம் பார்ப்பவன் ஆனான். தபால் கந்தோர்க்காரி வங்கியில் வேலை செய்பவள் ஆனாள். தந்தியை ஒளிக்க இப்போது மாமன் வேண்டியதில்லை. தமையன் அவளுடைய போனைப் பறித்துப் பூட்டினால் போதும். அவன் அனுப்பிய செய்திக்கு இரண்டு சரி விழுகிறது, நீலமாகவில்லை. அதை எப்படிப் பாடுவது? மிருதங்கத்தில் இரண்டே இரண்டு அடி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லாத மௌனம். படத்தில் கதாநாயகி மழைக்குள் ஓடுவாள். மேடையில் மழைக்கு எங்கே போவது? பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மழையையே பாட வைத்தாள். ஒத்திகையில் அந்த மழை தொடங்கியபோது வெளியே உடுப்புக் காயப்போட்டிருந்த சறோஜினிதேவி ஓடிப்போய் எடுத்து வந்தாள். அன்றைக்குத்தான் கோசலாவுக்குத் துணிவு வந்தது.

முடிவையும் மாற்றினாள். அவளுடைய கதாநாயகி கடலுக்குள் இறங்கவில்லை. இறங்குதுறையில் நிற்கிறாள். “நான் இங்கேதான் நிற்கிறேன்” என்ற ஒரே அடியைச் சகானாவில் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி இறங்குகிறது. பல்லவி, சரணம் எதுவும் இல்லாத அந்தப் பகுதியைப் பாட எத்தனையோ பிள்ளைகளை வைத்துப் பார்த்தாள். சுருதி நின்றது, உயிர் நிற்கவில்லை. கடைசியில் நிருபன்தான் சொன்னான்: “ரீச்சர், நீங்களே பாடுங்கோ.”

ஊர் சும்மா இருக்குமா? “கோசலா ரீச்சர் கதாநாயகியாம்! கதாநாயகனா ஆர் நடிக்கினம், அவவின்ரை பேரனோ?” என்று பஸ்ஸுக்குள் அவள் காதுபடவே கதைத்தார்கள். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் ஒரு தரமாவது, தேவாரத்துக்கும் பிரியாவிடைப் பாட்டுக்கும் வெளியே, தன் குரலைத் தனக்காகத் திறந்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

கோயில் திருவிழாவில் இன்றைய நாள் நிருபன் வீட்டாரின் உபயம். மாலைக் கலைநிகழ்ச்சி அவர்களுடைய பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து சனம் வந்து குவிந்திருக்கிறது. நாளை மறுநாள் அவன் விமானம் ஏறிவிடுவான். இன்று இல்லையென்றால் இந்த ஒபெரா என்றைக்கும் இல்லை. அவளுக்குப் பதிலாகப் பாட ஆளுமில்லை.

மத்தியானம் போல வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது.

“தாரிகாதான். சீலை கொண்டு வாறன் எண்டவள்,” என்று தன் மாணவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே கோசலா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

தாரிகா அல்ல. சரவணைச் சின்னத்தங்கம் மாமி நின்றாள். பரராசசிங்கத்தின் கூடப்பிறந்த ஒரே தங்கை.

தலை வாரியிருக்கவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு பை. கோசலா கதவின் கைபிடியை விடாமல் நின்றாள். சொல்லாதேங்கோ மாமி. அவள் வாய் திறக்கவில்லை, கண்ணால் கெஞ்சினாள்.

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். சோடித்த முடி, கழுத்தில் பவளமாலை, நெற்றியில் மேடைக்கு ஒத்திகை பார்த்த பெரிய பொட்டு.

“முருங்கைக்காய் காய்ச்சுக் கொட்டுது பிள்ளை. அதுதான் கொஞ்சம் கொண்டு வந்தனான்,” என்றாள் மாமி. “சும்மா, இந்தப் பக்கம் வந்தனான்.”

மாமிக்குத் தெரியும், இன்றைக்கு என்ன நாள் என்று. தெரிந்துதான் வந்திருக்கிறாள். தனியாக வீட்டில் இருக்க முடியாமல், அண்ணனின் பெயர் தெரிந்த ஒரு வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். அவளும் கட்டிக் கொடுத்த பெண்தான். அண்ணன் செத்தும் அவளுக்கு இந்த ஒரு மாதத் துடக்கு இல்லை. அவள் வாயில் இருக்கும் ஒரு சொல்லில் அது கோசலாவுக்கு இருக்கிறது.

“வாரும் சின்னத்தங்கம், இரும்,” என்று தியாகலிங்கத்தார் கதிரையை இழுத்துப் போட்டார். பயத்தில் அவர் குரல் கோயில் ஒலிபெருக்கி போல ஒலித்தது. “முருங்கைக்காயோ? நல்லது! இந்த வருஷம் எல்லா இடமும் நல்ல காய்!”

“ஓம் அண்ணை.”

“மழையும் பரவாயில்லை!”

“ஓம் அண்ணை.”

“கோழியள் என்ன மாதிரி?”

“கீரி ஒண்டு கொண்டு போட்டுது.”

“சீ! கீரி சரியான…” என்று தொடங்கியவர், சாவு என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பாதியில் விழுங்கினார்.

சறோஜினிதேவி குசினியிலிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியின் கையில் கோப்பை ஆடியது. சறோஜினிதேவி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்; பிடித்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். நால்வருக்கும் தெரியும். நால்வரும் கோழியைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தார்கள்.

“எல்லாத்தையும் பாட்டாத்தான் படிப்பியளாமே பிள்ளை?” என்று மாமி கேட்டாள்.

“ஓம் மாமி.”

“சண்டை பிடிக்கிறதும்?”

“அதுவும் பாட்டுத்தான்.”

“நானும் உங்கடை மாமாவும் பாட்டிலை சண்டை பிடிச்சிருந்தால், அயல் முழுக்கப் பாய் கொண்டு வந்து விரிச்சுக் கேட்டிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அளவுக்கு மேலே சிரித்தார்கள். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

“எனக்கு ஒருக்காப் படிச்சுக் காட்டன். பின்னேரம் கோயிலடிக்கு வர எனக்கு… கால் நோகுது. ஏலாது.”

கோசலா ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். கடைசிக் காட்சியைப் பாடினாள். நான் இங்கேதான் நிற்கிறேன். குரல் ஒரு படி இறங்கியது. நான் இங்கேதான் நிற்கிறேன். இன்னும் ஒரு படி. இத்தனை நாள் ஒத்திகையில் வராத ஒன்று அந்த ஹோலுக்குள் வந்தது. மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் மட்டும் குலுங்கியது.

பாட்டு முடிந்தது.

“அந்தப் படத்துக்கு நானும் போனனான்,” என்று மாமி மெல்லச் சொன்னாள். “யாழ்ப்பாணத்திலை தியேட்டருக்கு. வீட்டுக்குத் தெரியாது. திரும்பி வர பஸ் இல்லை. பண்ணைப் பாலம் முழுக்க சைக்கிளிலை வைச்சு உழக்கிக்கொண்டு வந்தது… என்னை முன்னுக்கு ஏத்தி, காத்துக்கு எதிரை, பாட்டும் பாடிக்கொண்டு… அது…”

தியாகலிங்கத்தாரின் கை கதிரையின் கைபிடியை இறுக்கிப் பிடித்தது. சறோஜினிதேவி கண்ணை மூடினாள்.

மாமி எச்சிலை விழுங்கினாள்.

“அது ஆரோ. இப்ப எனக்கு மறந்து போச்சு,” என்றாள்.

கோசலாவுக்கு நெஞ்சில் யாரோ கால் வைத்து ஏறியது போல இருந்தது. கூடப்பிறந்தவன் அங்கே குளிர்பெட்டிக்குள் கிடக்கிறான். இவள் அவனை ‘ஆரோ’ ஆக்கிவிட்டாள். எனக்காக. என்னுடைய ஒரு பாட்டுக்காக.

மாமி எழுந்தாள். பையை மடித்துக் கக்கத்தில் வைத்தாள். தியாகலிங்கத்தாரைப் பார்த்தாள், சறோஜினிதேவியைப் பார்த்தாள், கோசலாவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஒன்றும் சொல்லாமல் நடந்தாள்.

சறோஜினிதேவியின் முகம் வெளுத்தது. “பிள்ளை… சொல்லாமல் போறா,” என்று முணுமுணுத்தாள்.

எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் போட்டு வாறன் என்று சொல்லாமல் யாரும் படி இறங்குவதில்லை. செத்த வீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லாமல் போவார்கள். அங்கே திரும்பி வருவேன் என்று சொல்லக் கூடாது. எத்தனை செத்த வீடு கண்ட கால்கள் அவை! வாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், கால் தன்பாட்டில் செத்த வீட்டு நடை நடந்துவிட்டது.

கோசலா ஓடினாள். வாசலில் மாமியின் கையை எட்டிப் பிடித்தாள்.

“மாமி, போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ.”

மாமி திரும்பினாள். தான் செய்த பிழை அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“ஐயோ பிள்ளை…”

“ஒரு சொல்லு மாமி. அது போதும். உங்களைக் கும்பிடுறன்.”

மாமி வாயைத் திறந்தாள். “போட்டு…” என்றாள். மறுபடியும் திறந்தாள். உதடு கோணியது. சின்னஞ்சிறு பிள்ளை பேசப் பழகுவது போல அந்த ஒரு சொல்லோடு கிழவி மல்லுக்கட்டினாள். அந்தச் சொல்லுக்குள் அண்ணன் இருந்தான். அதைச் சொன்னால் அவன் சாகவில்லை. சாகாத அண்ணனை அவள் எங்கே போய்த் தேடுவாள்?

“ஏலாது பிள்ளை,” என்றாள். “வாய் வருகுதில்லை. என்னாலை ஏலாது.”

கோசலா அவளைப் பார்த்தாள். இன்னும் ஒரு தரம் கெஞ்சலாம். காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடலாம். மாலையில் மேடையேறிப் பாடவும் செய்யலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இந்த முகத்தைப் பார்த்த பிறகு, இறங்குதுறையில் நின்று யாருக்காகப் பாடுவது?

“எப்ப மாமி?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான். மாமி அவளுடைய தோளில் விழுந்தாள். “விடியப்புறம் பிள்ளை! என்ரை அண்ணை போட்டார்! என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டாரே!” சறோஜினிதேவி ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். மூவரும் தலையோடு தலை முட்டி அழுதார்கள். தியாகலிங்கத்தார் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பனிக்குல்லாவை விரலால் தடவினார். பெரியப்பாவுக்கும் பாட்டுக்கும் சேர்த்துத்தான் கோசலா அழுதாள். எந்தக் கண்ணீர் யாருக்கு என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அறைக்குள் அவளுடைய போன் அடித்தது. போய் எடுத்தாள்.

“ரீச்சர், சீலைக்கு மடிப்புப் பிடிச்சாச்சு. இப்ப கொண்டு வாறன். நிருபன் அண்ணை லைற் எல்லாம் பூட்டிப்போட்டார், மேடை என்ன வடிவு தெரியுமோ! கடலடி மாதிரியே…” தாரிகா மூச்சு விடாமல் சொன்னாள்.

“வராதை பிள்ளை,” என்றாள் கோசலா. “துடக்கு வீடு.”

“ஐயோ ரீச்சர்!” என்றாள் தாரிகா.

“நிருபனிட்டைச் சொல்லு. மழை பாடுற பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுத்து அனுப்பச் சொல்லு. பாவங்கள், மத்தியானமே வந்திருப்பினம்.”

போனை வைத்துவிட்டுக் கழுத்து மாலையைக் கழற்றினாள். பெரிய பொட்டைக் கையால் துடைத்தாள். அது முழுவதும் போகவில்லை. நெற்றியெல்லாம் சிவப்பாக இழுபட்டது. கிணற்றடியில் தாய் முழுகுவதற்குத் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது.

வாசலில் மாமி இன்னமும் நின்றாள். ஓட்டோக்காரன் இயந்திரத்தை முடுக்கினான்.

“உன்ரை பாட்டைக் கெடுக்க நான் வரேல்லை பிள்ளை,” என்றாள் மாமி.

“தெரியும் மாமி.”

“கேக்கத்தான் வந்தனான்.”

“ஓம் மாமி. கேட்டனீங்கள்தானே.”

மாமி தலையாட்டினாள். படியில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. ஓட்டோவின் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்து மறையும்வரை கோசலா நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.